காணிக்கைப் பையும் வரிக்கணக்கும்

நீண்ட பதிவு இது. அறநிலையச் சட்டம், சமய நிறுவனங்கள், தோட்டத் தொழிலாளர் வரலாறு ஆகியவற்றில் ஈடுபாடுள்ள ஆய்வு நண்பர்களும் மாணவர்களும் பொறுமையோடு வாசிக்க வேண்டுகிறேன். என் ஆய்வேட்டில் இதற்கு இடமில்லை. ஆனால் ஆய்வேட்டின் பொருட்டு நான் படித்த பலவற்றைக் காட்டிலும் இது எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

2024 மார்ச் மாதத்தின் கடைசி வாரத்தில் அப்பா வண்டன்மேட்டிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். "சாப்பிட்டியாம்மா?" என்பதுதான் எப்போதும் அவருடைய முதற்கேள்வி. அன்று அதைக் கேட்கவில்லை. "நம்ம சபைக்குக் கவர்மெண்ட் அங்கீகாரம் இருக்காம்மா? இல்லேன்னா வரி கட்டணுமா?" என்றார். அவர் பெயருக்கு வருமான வரி நோட்டீஸ் ஒன்று வந்திருந்தது. 2019-20 நிதியாண்டில் அவருடைய சேமிப்புக் கணக்கில் 11,40,000 ரூபாய் ரொக்கமாகச் செலுத்தப்பட்டுள்ளது. அதன் மூலத்தை விளக்கவில்லையேல் அந்த ஆண்டின் கணக்கை மறுபடி திறக்க நேரும் என்பது அதன் சாரம். ஏலத்தோட்டத்தில் கூலியாகத் தொடங்கி மேற்பார்வையாளராக ஓய்வுபெற்ற ஒரு மனிதரின் கணக்கில் அவ்வளவு ரொக்கம் இருந்தால் எவருக்கும் கேள்வி எழத்தான் செய்யும். கேள்வி நியாயமானது. விடையும் நியாயமானதே. ஆனால் அந்த விடையைச் சட்டத்தின் மொழியில் சொல்ல எங்களிடம் ஒரு தாள்கூட இருக்கவில்லை.

இடத்தை அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். கம்பம், தேவாரம், போடிப் பகுதிகளிலிருந்து விடியற்காலையில் ஜீப்பேறி ஏல மலைக்கு வேலைக்கு வருவோர் இன்றும் உண்டு. முன்பே மலையேறித் தோட்டத்து லயங்களில் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களும் உண்டு. எங்களுடையது இரண்டாம் வகை. முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு லயத்தின் முற்றத்தில் நான்கு குடும்பங்கள் கூடி நடத்திய ஜெபக்கூட்டம் பின்னர் தார்ப்பாய்க் கொட்டகையாயிற்று, பிறகு தகரக் கூரையாயிற்று. எந்தப் பேராயத்தோடும் மறைமாவட்டத்தோடும் அதற்கு இணைப்பில்லை. போதகர் ஒருவர், ஞாயிறு ஆராதனை, ஆண்டுக்கொரு ஸ்தோத்திரப் பண்டிகை, அவ்வளவுதான். பொருளாளர் என் அப்பா. சபைக்கு நிரந்தரக் கணக்கு எண் கிடையாது, அறக்கட்டளைப் பத்திரம் கிடையாது, வங்கிக் கணக்கும் கிடையாது. பணம் அப்பாவின் கணக்கில் இருந்தது. அதில் எவருக்கும் ஐயம் எழவில்லை. ஐயம் எழாததே பிற்பாடு சிக்கலாயிற்று.

2019 ஏலக்காய் விவசாயிகள் மறக்க மாட்டாத ஆண்டு. அதற்கு முந்தைய ஆண்டின் வெள்ளமும் அடுத்து வந்த வறட்சியும் விளைச்சலைக் குறைத்திருந்தன. அந்த ஆகஸ்டில் புற்றடி ஏல மையத்தில் உயர்ந்த விலை கிலோவுக்கு 7,000 ரூபாயைத் தொட்டது. கைவசம் காய் இருந்தவர்கள் கொஞ்சமே, ஆனால் இருந்தவர்கள் கையில் பணம் புரண்டது. எங்கள் சபையில் குத்தகைக்கு இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் எடுத்துப் பயிர் செய்தவர்கள் சிலர் தசமபாகத்தை மனப்பூர்வமாகக் கொடுத்தார்கள். ஆலயக் கட்டட நிதி என்று தனியே சேர்ந்தது. அப்பா திங்கட்கிழமைதோறும் வங்கிக்குப் போய்ச் செலுத்தினார். ஒரு நிதியாண்டில் ஒருவருடைய சேமிப்புக் கணக்குகளில் 10 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கம் சேர்ந்தால் வங்கி அதை வரித்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பது விதி. அதை அவர் அறியார்; உண்மையைச் சொன்னால் அன்று நானும் அறியேன்.

மூலம் விளக்கப்படாத பணத்துக்குச் சாதாரண விகிதத்தில் வரி இல்லை. அந்த நிதியாண்டுக்குரிய விதிப்படி அறுபது விழுக்காடு வரி, அதன்மேல் கூடுதல் வரி, அதன்மேல் தீர்வை எல்லாம் சேர்ந்து எழுபத்தெட்டு விழுக்காடாக இருந்தது. எங்கள் தொகைக்கு 8,89,200 ரூபாய், வட்டியும் அபராதமும் நீங்கலாக. பணமோ கட்டடமாகிவிட்டது. அப்பாவிடம் இருந்தது ஓய்வுக்காலத்தில் கிடைத்த சிறு தொகையும் தேவாரத்தில் ஒரு ஓட்டு வீடும்.

சபையில் அதற்குள் இரு கட்சிகள் தோன்றியிருந்தன. ஓர் இளைஞர் வாட்ஸப்பில் ஒரு காணொளியைப் பரப்பியிருந்தார். அமெரிக்கப் போதகர் ஒருவர், திருச்சபைக்கு எந்த அரசின் அங்கீகாரமும் தேவையில்லை, அது இயல்பாகவே வரிவிலக்குப் பெற்றது என்று முழங்குகிறார். மற்றொரு கட்சி நெடுங்கண்டத்தில் ஒரு முகவரைக் கண்டுபிடித்திருந்தது. அவர் முப்பதாயிரம் ரூபாய்க்கு 'மத்திய அரசு அங்கீகாரச் சான்றிதழ்' வாங்கித் தருவதாகச் சொன்னார். விசாரித்தபோது அது நிதி ஆயோக்கின் தர்பண் தளத்தில் தொண்டு நிறுவனங்கள் தம்மைப் பதிந்துகொள்ளும் எண் என்று தெரிந்தது. அந்த எண்ணுக்கும் வரிவிலக்குக்கும் நேரடித் தொடர்பு ஒன்றுமில்லை.

காணொளியில் பேசியவர் பொய் சொல்லவில்லை. அவர் நாட்டில் அது உண்மை. அமெரிக்க உள்நாட்டு வருவாய்ச் சட்டத்தின் 508ஆம் பிரிவு, அறநிறுவனங்கள் விலக்குக் கோரி விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, திருச்சபைகளை அந்தக் கடமையிலிருந்து விடுவிக்கிறது. விலக்குக்குரிய நிபந்தனைகளை நிறைவேற்றும் திருச்சபை விண்ணப்பிக்காமலேயே விலக்குப் பெற்றதாகக் கருதப்படும். 1969ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த ஏற்பாடு இது. அடுத்த ஆண்டே வால்ஸ் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வழிபாட்டு இடங்களுக்கான சொத்துவரி விலக்கு சமயத்தை அரசு நிறுவுவதாகாது என்று தீர்ப்பளித்தது. வரி விதிக்கும் அரசு மதத்தின் கணக்குகளுக்குள் நுழைந்துவிடும், விலகி நிற்பதே இருதரப்புக்கும் நல்லது என்பது அதன் தருக்கம்.

இந்தியச் சட்டம் வேறு பாதையில் வந்தது. 1922ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் விலக்கு வருமானத்தின் இயல்பையே சார்ந்திருந்தது: சமய அல்லது அற நோக்கங்களுக்காக அறக்கட்டளையில் வைக்கப்பட்ட சொத்தின் வருமானம் வரிக்கு உட்படாது. முன்கூட்டியே பதிவு என்ற படி அப்போது இல்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகும் சில ஆண்டுகள் அப்படியே தொடர்ந்தது. 1972இல் நிதிச் சட்டம் 12ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. 1973 ஏப்ரல் முதல், விலக்கு வேண்டுமெனில் ஆணையரிடம் பதிய வேண்டும் என்றாயிற்று. பின்னர் அது 12ஏஏ ஆகி, 2021 ஏப்ரல் முதல் 12ஏபி ஆயிற்று. ஒருமுறை பதிந்தால் என்றென்றைக்கும் என்றிருந்தது போய், ஐந்தாண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டியதாயிற்று. நூறாண்டு கண்ட நிறுவனங்களும் மறுபடி விண்ணப்பித்தன. 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக இயற்றப்பட்டு 2026 ஏப்ரல் 1ஆம் நாளை நடைமுறைத் தொடக்கமாகக் கொண்ட 2025ஆம் ஆண்டுச் சட்டமும் 'பதிவுபெற்ற இலாபநோக்கற்ற அமைப்பு' என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறது. பதிவு என்பது விலக்கின் வாசலாகவே நிலைத்துவிட்டது.

ஆக, அப்பாவின் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை கேட்டால் 'வேண்டும்' என்பதே. ஆனால் எதை அங்கீகரிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். எங்கள் சபை உண்மையான சபையா, அதன் உபதேசம் சரியா, போதகருக்கு அபிஷேகம் உண்டா என்று எந்த ஆணையரும் கேட்பதில்லை. அரசமைப்பின் 25, 26ஆம் உறுப்புகள் இருக்கும் நாட்டில் அவர் அப்படிக் கேட்கவும் இயலாது. அவர் பார்ப்பது பத்திரத்தில் எழுதிய நோக்கங்களையும், செயல்கள் மெய்யாகவே நடக்கின்றனவா என்பதையும்தான். சபையாக இருப்பதற்கு அனுமதி தேவையில்லை. சபையின் பணம் சபையுடையது என்று சட்டத்தின் முன் நிறுவுவதற்குத்தான் பதிவு. 'அங்கீகாரம்' என்ற ஒரே சொல்லில் இவ்விரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டதால்தான் எங்கள் ஊரில் ஒரு கட்சி அதை விசுவாசத் துரோகம் என்றது, மறுகட்சி முப்பதாயிரம் ரூபாய்க்கு வாங்கப் புறப்பட்டது.

'சர்ச்' என்ற சொல்லே வருமான வரிச் சட்டத்தில் அரிதாகத்தான் தென்படுகிறது. நான் தேடியபோது 80ஜி பிரிவில் அகப்பட்டது. வரலாற்று, தொல்லியல், கலை முக்கியத்துவம் உடையதாகவோ மாநிலம் முழுவதும் புகழ்பெற்ற வழிபாட்டு இடமாகவோ மத்திய அரசு அறிவிக்கும் கோயில், மசூதி, குருத்வாரா, தேவாலயம் முதலியவற்றைப் புதுப்பிக்கவோ பழுதுபார்க்கவோ கொடுக்கும் நன்கொடைக்குக் கொடுத்தவர் வரிக்கழிவு பெறலாம். அரசின் அங்கீகாரம் என்பதை அதன் முழுப்பொருளில் அங்கேதான் காண்கிறோம். எங்கள் தகரக்கூரை ஆலயம் அந்தப் பட்டியலுக்கு ஒருநாளும் போகாது. அதில் வருத்தமும் இல்லை.

உள்ளூர் வரிகளின் கதை வேறு. 1975ஆம் ஆண்டுக் கேரளக் கட்டட வரிச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, முதன்மையாகச் சமய, அற, கல்வி நோக்கங்களுக்குப் பயன்படும் கட்டடங்களை விலக்குகிறது. அங்கே பதிவெண் கேட்கப்படுவதில்லை. கட்டடம் எதற்குப் பயன்படுகிறது என்பதே கேள்வி. 2021 மார்ச் 1ஆம் நாள் அடரேஷன் கான்வென்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை இதில் ஆர்வமுள்ள மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். கன்னியர் தங்கும் இல்லமும் மாணவியர் விடுதியும் குடியிருப்புகளே, சமயப் பயன்பாடோ கல்விப் பயன்பாடோ அல்ல என்று கேரள அரசு வாதிட்டது. நீதிபதிகள் நரிமனும் கவாயும் அதை ஏற்கவில்லை. வரிவிலக்குகளை இறுக்கமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்ற பொதுவிதி, சமூக நன்மை கருதிய விலக்குகளுக்கு அப்படியே பொருந்தாது என்றார்கள். சரக்கு சேவை வரியிலோ ஒரே அறிவிக்கையில் இரண்டு நோக்கும் அருகருகே இருக்கின்றன. சமயச் சடங்கு நடத்துவதற்கு வரியில்லை, அதற்குப் பதிவும் கேட்கப்படுவதில்லை. ஆலய வளாகத்து மண்டபத்தை வாடகைக்கு விட்டால், வருமான வரிப் பதிவு பெற்ற நிறுவனமாக இருந்தால்தான் விலக்கு. அதுவும் நாள் வாடகை 10,000 ரூபாய்க்குக் கீழே இருந்தால்தான்.

விலக்கு நிறுவனத்துக்கு உரியது, அதில் பணியாற்றும் ஆளுக்கு உரியதல்ல என்பதையும் அண்மையில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. உதவிபெறும் பள்ளிகளில் கற்பிக்கும் கன்னியரும் குருக்களும் தம் சம்பளத்தைத் துறவற சபைக்கே கொடுத்துவிடுகிறார்கள், எனவே அதில் வரிப்பிடித்தம் கூடாது என்ற வாதம் நெடுங்காலமாக நடந்தது. 1944ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை வரை அதற்கு வரலாறு உண்டு. சென்னை உயர் நீதிமன்றம் 2019இல் அதை மறுத்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீடுகளைத் தள்ளியது. அப்பாவின் நிலை இதன் தலைகீழ் வடிவம். அங்கே ஆளின் பணம் சபைக்குப் போகிறது. இங்கே சபையின் பணம் ஆளிடம் இருந்தது.

நான் விடுப்பெடுத்து ஊருக்குப் போனேன். பதில் அனுப்பச் சில நாள்களே இருந்தன. இன்று போய்ப் பதிந்தாலும் அது 2019ஐக் காப்பாற்றாது என்று கட்டப்பனையில் நாங்கள் பார்த்த ஆடிட்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். "அங்கீகாரத்த விடுங்க. பணம் யாரோடதுன்னு காட்ட என்ன இருக்கு?" என்றார். அப்பா தன் பழைய ரெக்ஸின் பையிலிருந்து மூன்று நீளநோட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

அந்த நோட்டுகளை நான் சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறேன். ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. ஆவணக்காப்பகங்களில் தோட்டக் கங்காணிகளின் பற்றுவரவுக் கணக்கைத் தேடி அலைந்த ஆய்வாளர் நான் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு ஞாயிறுக்கும் ஒரு பக்கம். இடப்புறம் பெயரோடு கொடுத்தவர்கள்: தசமபாகம், கட்டட நிதி, நேர்ந்துகொண்ட காணிக்கை. வலப்புறம் காணிக்கைப் பையில் விழுந்தது, நோட்டுவாரியாக: ஐந்நூறு இத்தனை, நூறு இத்தனை, பத்து இத்தனை, சில்லறை இவ்வளவு. அடியில் எண்ணியவர் இருவரின் கையொப்பம். மறுநாள் தேதியிட்ட வங்கிச் செலுத்துச்சீட்டு குண்டூசியால் குத்தப்பட்டிருந்தது. அந்த ஆண்டில் பெயரோடு வந்தது 8,26,000. பையில் விழுந்தது 3,14,000. இரண்டும் சேர்ந்து நோட்டீஸில் இருந்த தொகை, ஒரு ரூபாய் பிசகாமல்.

பெயருள்ள பகுதிக்குக் கொடுத்தவர்களிடமிருந்து உறுதிக்கடிதம் வாங்க வேண்டும். எட்டு நாள் அலைந்தோம். புளியன்மலையிலும் ஆமையாற்றிலும் இருந்தவர்கள் எளிதில் கிடைத்தார்கள். குத்தகை முடிந்து கம்பத்துக்கும் தேவாரத்துக்கும் இறங்கிவிட்டவர்களைத் தேடிப் போனோம். ஒருவர் 2021இல் இறந்திருந்தார். அவர் மனைவி நோட்டில் கணவரின் பெயரைப் பார்த்துவிட்டு, "இம்புட்டுக் குடுத்தாரா? எங்கிட்டச் சொல்லவே இல்லையே அண்ணே" என்றார். அப்பா தலைகுனிந்து நின்றார். அந்தக் கடிதத்தில் அவரிடம் கையெழுத்துக் கேட்க எங்களுக்கு மனம் வரவில்லை. அவரே கேட்டு வாங்கிப் போட்டார்.

பெயரில்லாப் பகுதிதான் என்னை இன்றுவரை யோசிக்க வைக்கிறது. காணிக்கைப் பையின் அடிப்படையே கொடுத்தவர் யாரென்று தெரியக்கூடாது என்பது. துணிப்பைக்குள் கையை முழுவதும் விட்டு எடுக்கும் பழக்கம், இரண்டாயிரம் போட்டவரும் இரண்டு ரூபாய் போட்டவரும் ஒன்றாகவே தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். சட்டத்துக்கு இது புரியாமலில்லை. பெயரில்லா நன்கொடைக்கு முப்பது விழுக்காடு வரி விதிக்கும் 115பிபிசி பிரிவு, முற்றிலும் சமய நோக்கங்களுக்காகவே நிறுவப்பட்ட அறக்கட்டளைக்கு அந்த வரியைப் பொருத்துவதில்லை. உண்டியலும் காணிக்கைப் பையும் எப்படி இயங்குகின்றன என்று அதை எழுதியவர்கள் அறிந்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் புரிதல் நிறுவனத்துக்கு மட்டுமே. அதே பணம் என் அப்பாவின் கணக்கில் இருக்கும்போது பெயரின்மை பக்தியாகாது, மூலம் விளங்காமை ஆகிவிடுகிறது. ஒரே பத்து ரூபாய் நோட்டு, அது கிடக்கும் கணக்கின் தலைப்பைப் பொறுத்து இருவேறு பொருளாகிறது.

பெயரில்லாப் பணத்துக்கு ஆடிட்டர் கண்ட வழி எளிமையானது. ஐம்பத்திரண்டு ஞாயிறுகளின் எண்ணிக்கைத் தாளையும் ஐம்பத்திரண்டு செலுத்துச்சீட்டையும் வரிசையாக ஒட்டி, தமிழில் இருந்ததை ஆங்கிலத்தில் பெயர்த்து, கட்டடப் பொருள் வாங்கிய ரசீதுகளோடு அனுப்பினோம். ரசீதுகள் மலையாளத்தில், கணக்கு தமிழில், நோட்டீஸ் ஆங்கிலத்தில். மொழிபெயர்த்தவள் நான். 'ஸ்தோத்திரக் காணிக்கை' என்பதற்கு ஒரு மாலை முழுவதும் செலவாயிற்று. விளக்கம் ஏற்கப்பட்டது, மேல் நடவடிக்கை இல்லை என்று ஆணை வந்தது. அம்மா அன்று வாய்விட்டு அழுதார். அதுவரை அவருக்கு விஷயம் தெரியும் என்றே எங்களுக்குத் தெரியாது.

அதன்பிறகுதான் பதிவு பற்றிய உண்மையான விவாதம் சபையில் தொடங்கியது. எதிர்த்தவர்களை நான் எளிதில் ஒதுக்க மாட்டேன். அரசு கணக்குக்குள் வந்தால் நாளை நிர்வாகத்துக்குள்ளும் வரும் என்ற அச்சம் கேரளக் கிறிஸ்தவர்களிடையே புதிதல்ல. 2009இல் நீதிபதி கிருஷ்ணய்யர் தலைமையிலான சட்டச் சீர்திருத்த ஆணையம் திருச்சபைச் சொத்துகளுக்கான வரைவுச் சட்டம் ஒன்றை முன்வைத்தது. 2019இல் இன்னொரு வரைவு வெளியாகி, சபைகளின் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. ஆனால் அந்த எதிர்ப்பு சொத்துடைய பெரிய சபைகளுடையது. அவற்றுக்குப் பதிவும் உண்டு, தணிக்கையாளரும் உண்டு, வழக்கறிஞரும் உண்டு. பதிவின்மையால் நோட்டீஸ் வாங்குகிறவர் எங்களைப் போன்ற சிறு சபையின் பொருளாளர்தான். சுதந்திரம் என்ற பெயரில் சுமையை ஒரு தனி மனிதரின் தலையில் ஏற்றிவிட்டு மற்றவர்கள் ஆராதித்துக்கொண்டிருந்தோம் என்று நான் கூட்டத்தில் சொன்னேன். மகள் என்பதால் சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டேன் போலும்.

பத்திரம் எழுதும்போது இன்னொரு முடிச்சு வந்தது. வரைவில், 'சபைக் குடும்பத்துப் பிள்ளைகளின் கல்விக்கு உதவுதல்' என்றிருந்தது. ஆடிட்டர் முதல் இரண்டு சொற்களை அடித்தார்; வழிபாடு ஒரு சமூகத்துக்குரியதாக இருக்கலாம், ஆனால் 1962க்குப் பின் தோன்றிய அறக்கட்டளையின் அறப்பணி ஒரு சமயச் சமூகத்துக்கு மட்டும் என்று எழுதினால் 13ஆம் பிரிவு விலக்கைப் பறித்துவிடும் என்றார். தாவூதி போரா ஜமாத் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் வரை போன கேள்வி இது. "அப்ப நம்ம பிள்ளைகளுக்குக் கெடையாதா?" என்று ஓர் அக்கா கேட்டார். போதகர் ஐயாதான் விடை சொன்னார்: "எல்லாப் பிள்ளைகளுக்கும்னு எழுதுறோம். அதுல நம்ம பிள்ளைகளும் உண்டு, லயத்துல இருக்கிற மத்த பிள்ளைகளும் உண்டு." அந்த வரி அப்படியே பத்திரத்தில் ஏறியது. சென்ற ஆண்டு நோட்டுப் புத்தகம் பெற்ற பதினேழு பிள்ளைகளில் ஒன்பது பேர் எங்கள் சபையினர் அல்லர்.

நிறுவுநராக இருந்து முதல் ஆயிரம் ரூபாயைக் கொடுத்தவர் எங்கள் சபையின் மூத்த பாட்டி. நாற்பது ஆண்டு காய் பறித்தவர். சார்பதிவாளர் அலுவலகத்தில் பெருவிரல் ரேகையில்தான் சிக்கல். ஏலக்காய்க் கறையும் தழும்புமாக இருந்த விரலின் ரேகை இயந்திரத்தில் பதியவில்லை. நான்காம் முறையில் பதிந்தது. பத்திரத்தின்படி எங்கள் சபை 2024இல் பிறந்தது. முப்பது வயதுச் சபைக்கு முதலில் மூன்றாண்டுத் தற்காலிகப் பதிவு வந்தது. முறையான பதிவுக்கு ஆறு மாதத்துக்குள் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும் என்று ஆடிட்டர் நினைவூட்டினார். ஆலயம் நிற்கும் ஐந்து சென்ட் நிலமோ ஒரு தோட்ட முதலாளி வாய்ச்சொல்லாகக் கொடுத்தது, பட்டயம் இல்லை. அவர் மகன் தந்த ஆட்சேபமின்மைக் கடிதத்தையும் மின்கட்டண ரசீதையும் முகவரிக்குச் சான்றாக வைத்தோம். நிலத்தின் கதை இன்னொரு நீண்ட பதிவுக்குரியது.

இப்போது அறக்கட்டளையின் பெயரில் வங்கிக் கணக்கு உண்டு. தணிக்கையாளர் கணினியில் கணக்கு வைக்கிறார். அப்பா நான்காவது நீளநோட்டை வாங்கியிருக்கிறார்.